வகுப்பில் நடத்தும் பாடத்தைப் பதிவுசெய்து இணையத்தில் தருவது எப்படி? கல்லூரி ஆசிரியர்களுக்கு முழு வழிகாட்டி

பல்கலைக்கழகப் பாடங்களை எல்லோருக்கும் திறந்துவிடுவது புது யோசனை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 1984இலேயே தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் தரப்போவதாக 2001இல் அறிவித்தது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தை ஆரம்பித்தன. இன்றைக்கு எந்தப் பாடத்தைத் தேடினாலும் ஆங்கிலத்தில் நல்ல விரிவுரை கிடைத்துவிடும்.

ஆனாலும் திருவண்ணாமலையிலோ பெரியகுளத்திலோ பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி தேடுவது அதை இல்லை. தன் சிலபஸில் இருப்பதை, தன் பேப்பருக்கு வேண்டிய அளவில், கலைச்சொல்லை ஆங்கிலத்திலும் விளக்கத்தைத் தமிழிலுமாகக் கலந்து சொல்லும் ஓர் ஆசிரியரைத் தேடுகிறது. அப்படிப்பட்டவர் பெரும்பாலும் அதே கல்லூரியிலேயே இருக்கிறார். போன மாதம் அவர் அதை அருமையாக நடத்தியும் இருப்பார். பதிவுதான் இல்லை.

இந்த வழிகாட்டி அந்த ஆசிரியருக்கு. ஸ்டூடியோவும் கேமராமேனும் இல்லாமல், ஏற்கெனவே கையில் இருக்கும் ஃபோன், ஒரு காலர் மைக், ஒரு ட்ரைபாட் ஆகியவற்றை வைத்து வழக்கமான பீரியடைப் பதிவுசெய்வது பற்றியது. எந்த இடத்தில் இதைச் செய்யலாமா அதைச் செய்யலாமா என்று சந்தேகம் வந்தாலும், கேட்கப்போகிறவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இருப்பது ஆறு அங்குலத் திரை, காதில் விலை மலிந்த இயர்ஃபோன், அன்றைய டேட்டாவில் மிச்சம் கொஞ்சம். அவருக்கு எது உதவுமோ அதுவே சரியான முடிவு.

1. முதலில் ஒரு கடிதம்

கேமராவைத் தொடுவதற்கு முன்னால் உரிமை விஷயத்தை முடித்துவிடுங்கள். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் 'நிகழ்த்துநர்' என்று ஒரு பட்டியல் தருகிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக் கலைஞர், வித்தைக்காரர், பாம்பாட்டி என்று போகும் அந்தப் பட்டியலில் பாம்பாட்டிக்கு அடுத்தபடியாக விரிவுரை நிகழ்த்துபவர் வருகிறார். ஸ்டாஃப் ரூமில் சொன்னால் கொஞ்ச நேரம் சிரிக்கலாம். ஆனால் அதன் பொருள் முக்கியமானது. உங்கள் விரிவுரையைப் பதிவுசெய்து வெளியிடுவதில் உங்களுக்கென்று சட்டப்படி ஓர் உரிமை உண்டு.

இன்னொரு பக்கம், அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேலையின் பகுதியாக ஒருவர் உருவாக்கும் படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஆக, நீங்களும் நிர்வாகமும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க இடம் இருக்கிறது. வேலை மாறிப் போகும்போதுதான் இது வெடிக்கும். எனவே தொடங்கும்போதே துறைத்தலைவர் வழியாக முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, கையெழுத்துடன் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடம், எந்த யூடியூப் சேனலில் போகும், சேனல் யார் பெயரில், எந்த உரிமத்தில், பணியிலிருந்து விலகிய பின்னும் பதிவுகள் அங்கேயே இருக்குமா? இவ்வளவு இருந்தால் போதும். வக்கீல் தேவையில்லை.

அடுத்து மாணவர்கள். முதலாம் ஆண்டு வகுப்பில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இருப்பார்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. இதற்கு எளிய வழி, மாணவர் முகமும் பெயரும் பதிவிலேயே வராமல் பார்த்துக்கொள்வதுதான். கேமரா கரும்பலகையை மட்டும் பார்க்கட்டும். அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்த பிறகு பதிவைத் தொடங்குங்கள். பதிவு ஓடும்போது யாரையும் பெயர் சொல்லி எழுப்ப வேண்டாம், திட்டவும் வேண்டாம். இன்டர்னலில் யாருக்கு எத்தனை மார்க் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. "இந்த வகுப்பு பதிவாகிறது, யார் முகமும் வராது, குரல் வருவது பிடிக்காதவர்கள் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்" என்று முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

2. ஒலி

பணம், நேரம், பொறுமை மூன்றையும் இங்கேதான் செலவழிக்க வேண்டும். படம் மங்கலாக இருந்தால் மாணவர் நோட்டைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார். குரல் தெளிவாக இல்லாவிட்டால் இரண்டாவது நிமிடத்தில் மூடிவிடுவார்.

நம் வகுப்பறையில் குரலைக் கெடுப்பது தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி. அடுத்தது வெறும் சுவரும் சிமெண்ட் தரையும் தரும் எதிரொலி. ஃபோனை மூன்றாவது பெஞ்சில் வைத்து அதன் சொந்த மைக்கில் பதிவுசெய்தால் இரண்டும் உங்கள் குரலை விடப் பெரிதாகக் கேட்கும். எவ்வளவு விலையுயர்ந்த ஃபோனாக இருந்தாலும் இதுதான் கதி. மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு வேறு மாற்று இல்லை.

குறைந்த செலவில் முடிக்க வேண்டுமென்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒயர் காலர் மைக்கை வாங்கி, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஃபோனில் செருகி, அந்த ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் குரல் மட்டும் பதிவாகும். படம் இன்னொரு ஃபோனில். இரண்டையும் பிறகு சேர்க்கலாம். சேர்க்க வசதியாக, இரண்டு ஃபோனும் ஓடத் தொடங்கியதும் கேமரா முன்னால் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். வகுப்பு முடியும்போதும் ஒருமுறை தட்டுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. ஐம்பது நிமிடத்தில் உதடு அசைவும் குரலும் லேசாக விலகியிருந்தால் இரண்டாவது கைதட்டல் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கொஞ்சம் செலவழிக்க முடியும் என்றால் ஒயர் இல்லாத காலர் மைக் வாங்கலாம். இதில் குரல் நேராகக் கேமரா ஃபோனுக்கே போய்விடுவதால் சேர்க்கும் வேலை மிச்சம். வாங்கும்போது உங்கள் ஃபோனில் இருப்பது டைப்-சி துளையா, லைட்னிங்கா என்று பார்த்து வாங்குங்கள். மைக்கிலேயே தனியாகப் பதிவு வைத்துக்கொள்ளும் வசதி உள்ள மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. நடுவில் சிக்னல் விட்டுப்போனாலும் பதிவு பத்திரமாக இருக்கும்.

மைக்கை எங்கே குத்துவது என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், பாதி பதிவுகள் கெடுவது இதில்தான். மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரம், நெஞ்சின் நடுவில். சட்டையென்றால் பொத்தான் பட்டியில் குத்துங்கள், காலர் நுனியில் குத்தினால் தலை திரும்பும் பக்கமெல்லாம் குரல் ஏறி இறங்கும். சேலையென்றால் முந்தானை மடிப்புக்கு உள்ளே போகாமல் மடிப்பின் வெளி ஓரத்தில் குத்துங்கள். மடிப்புக்குள் போனால் துணி உரசும் சரசரப்புதான் பதிவாகும். எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. நீங்கள் பலகைப் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த பிளாஸ்டிக் அட்டை மைக்கில் 'டக்' என்று இடிக்கும். வகுப்பில் யாருக்கும் கேட்காது, இயர்ஃபோனில் கேட்பவருக்குச் சம்மட்டி அடி. கழற்றி மேசையில் வைத்துவிடுங்கள். நீளச் சங்கிலி போட்டிருப்பவர்கள் அதை உள்ளே விட்டுக்கொள்ளலாம்.

உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கும் ஃபேனை மட்டும் நிறுத்துங்கள். மாணவர்கள் பக்கம் ஓடட்டும், மே மாத வெயிலில் அவர்களை வதைக்க வேண்டாம். மைக்கின் மேல் போடும் சின்னப் பஞ்சு உறையைத் தொலைக்காதீர்கள். காற்றையும் 'ப', 'ஃப' ஒலிகளின் வெடிப்பையும் அது தடுக்கும்.

ஒலி அளவு எவ்வளவு? சாதாரணமாகப் பேசும்போது அளவுமானியின் முள் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்க வேண்டும். குரலை உயர்த்தினாலும் மைனஸ் 6ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாகப் பதிவானதை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். உச்சத்தில் முட்டிக் கரகரத்ததை யாராலும் சரிசெய்ய முடியாது.

மாணவர் கேட்கும் கேள்வி உங்கள் மைக்கில் விழாது. அதனால் கேள்வியை நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போங்கள். கடைசி பெஞ்சில் இருப்பவர்களுக்கும் அது உதவும்.

3. கரும்பலகையைப் படம்பிடித்தல்

ஃபோனைப் படுக்கை வாக்கில் வையுங்கள். ட்ரைபாடை வகுப்பின் நடுவில், மூன்றாவது அல்லது நான்காவது வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கால்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். யாராவது தட்டாமல் ஒரு பீரியடும் போகாது. பலகை முழுவதும் சட்டத்துக்குள் வரட்டும். அதற்கு மேல் சுவரையோ தலைவர்கள் படத்தையோ காட்ட வேண்டியதில்லை. திரையில் விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம், அது படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலைதான். ட்ரைபாடையே முன்னால் நகர்த்துங்கள்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பலகைக்கு முன்னால் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்டை பளிச்சென்று இருப்பதால் ஃபோன் தானாக வெளிச்சத்தைக் குறைக்கும், பலகை இருண்டு எழுத்து மறையும். நீங்கள் நகர்ந்ததும் மறுபடி வெளுக்கும். வகுப்பு முழுக்க இந்தக் கண்ணாமூச்சி நடக்கும். இதைத் தடுக்க, பதிவு தொடங்குவதற்கு முன் திரையில் பலகையின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான ஃபோன்களில் குவியமும் வெளிச்சமும் அப்படியே பூட்டிக்கொள்ளும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால், கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் மின்சாரம் அந்த அதிர்வெண்ணில் வருகிறது.

கரும்பலகையா, வெள்ளைப் பலகையா என்று கேட்டால் தயங்காமல் கரும்பலகை என்பேன். வெள்ளைப் பலகையில் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், பாதித் தீர்ந்த மார்க்கரின் எழுத்து ஃபோன் திரையில் தெரியவே தெரியாது. கரும்பலகையை வகுப்புக்கு முன் ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டால் எழுத்து பளிச்சென்று எடுக்கும். முந்தின பீரியடின் வெண்மைப் படலத்தின் மேல் எழுதினால் எடுக்காது. வழக்கமாக எழுதுவதைப் போல ஒன்றரை மடங்கு பெரிதாக எழுதுங்கள். சிவப்பு, நீலச் சாக்பீஸ் கேமராவில் மங்கிவிடும். வெள்ளையும் மஞ்சளும் போதும்.

பலகையை மனத்தளவில் மூன்று பத்தியாகப் பிரித்து இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டு போங்கள். எழுதி முடித்ததும் ஒதுங்கி நின்று, ஐந்து வினாடி பேசாமல் இருங்கள். பார்ப்பவர் அந்த இடத்தில்தான் வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுப்பார். டஸ்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னும் அதேபோல ஒரு நிறுத்தம். அழிப்பதற்கு முன் முன்பெஞ்சு மாணவர் ஒருவரைப் பலகையை ஒரு ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் படங்கள் பிறகு பயன்படும்.

1080பி, வினாடிக்கு 30 ஃப்ரேம் போதும். 4கே வேண்டாம். 1080பியிலேயே ஒரு நிமிடத்துக்கு நூறு எம்பிக்கு மேல் ஆகும், ஐம்பது நிமிட வகுப்புக்கு ஐந்தாறு ஜிபி இடம் வேண்டும். ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் சில ஃபோன்கள் பதிவையே நிறுத்திவிடும். பவர் பேங்க் செருகியே இருக்கட்டும். கல்லூரியின் டிஎஸ்எல்ஆர் கேமரா கிடைத்தால் நல்லதுதான், ஆனால் பழைய மாடல்கள் பல 29 நிமிடம் 59 வினாடியில் தானாக நின்றுவிடும், சில மாடல்கள் 4 ஜிபி ஆனதும் கோப்பைத் துண்டாக்கும். முக்கியமான நிரூபணத்தின் நடுவில் அது நின்றதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்.

4. ஸ்லைடு வைத்து நடத்துபவர்களுக்கு

ப்ரொஜெக்டர் திரையைக் கேமராவால் எடுக்காதீர்கள். மடிக்கணினித் திரையை நேராகப் பதிவுசெய்யுங்கள். இதற்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் பதிவு வடிவத்தை எம்கேவி என்று வையுங்கள். மின்சாரம் போய்க் கணினி அணைந்தாலும் அதுவரை பதிவானது பிழைக்கும். எம்பி4 வடிவில் நேராகப் பதிவுசெய்து நடுவில் அணைந்தால் மொத்தக் கோப்பும் திறக்காமல் போகலாம். முடிந்த பிறகு அதே மென்பொருளின் ஃபைல் மெனுவில் இருக்கும் ரீமக்ஸ் கட்டளையால் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

ஸ்லைடில் எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த ஸ்லைடுகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு கணினியில் திறந்ததும் எழுத்தெல்லாம் குப்பையாகும். ஸ்லைடைப் படித்துக் காட்டுவதை விட டேப்லெட்டில் பேனாவால் எழுதிக்கொண்டே விளக்குவது நல்லது. எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் லட்சக்கணக்கான வீடியோ பார்வைகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்றும் இதையே சொன்னது.

5. வகுப்பு நடக்கும்போது

முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லுங்கள். "வெப்ப இயக்கவியல், கார்னோ இயந்திரத்தின் பயனுறுதிறன்." அவ்வளவுதான். போன வகுப்பின் நினைவூட்டல், கல்லூரி விழா அறிவிப்பு எல்லாம் பதிவுக்கு முன்பே முடியட்டும். "நேற்று பார்த்தோமே", "வர்ற திங்கள் இன்டர்னல்" என்பது போன்ற பேச்சு அடுத்த வருடம் பார்ப்பவரைக் குழப்பும்.

கொஞ்சம் பழக வேண்டிய விஷயம் சுட்டிப் பேசுவது. பலகையைத் தொட்டுக் காட்டி "இது இங்க வந்துடும், அது அந்தப் பக்கம் போயிடும், இதை இதால வகுத்தா இது" என்று நடத்துவது நம் எல்லோருக்கும் வழக்கம். வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு அது புரியும். பேருந்தில் ஃபோனைப் பையில் போட்டுக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவருக்குப் புரியாது, பார்வையில்லாத மாணவருக்கும் புரியாது. "டி-டூவை டி-ஒன்னால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் பயனுறுதிறன்" என்று வாயால் முழுதாகச் சொல்லுங்கள். சொன்னதை எழுதுங்கள், எழுதியதைச் சொல்லுங்கள்.

தப்பாகச் சொல்லிவிட்டால் பதிவை நிறுத்த வேண்டாம். இரண்டு வினாடி மௌனம், பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். வெட்டி ஒட்டும்போது அந்த மௌனம் அலைக்கோட்டில் பள்ளமாகத் தெரியும், இடத்தைத் தேட வேண்டியிருக்காது.

6. வெட்டி ஒட்டுதல்: குறைவாகச் செய்யுங்கள்

ஆர்வத்தோடு தொடங்கியவர்கள் பாதியில் விடுவது இந்தக் கட்டத்தில்தான். ஒரு வகுப்புக்கு மூன்று மணி நேரம் எடிட்டிங் என்றால் செமஸ்டர் முழுக்க யாராலும் தாங்க முடியாது. முன்னோட்ட இசை, சுழலும் லோகோ, பக்கவாட்டில் பறந்துவரும் எழுத்து எதுவும் வேண்டாம். ஒரு வகுப்புக்கு அரை மணிக்குள் முடியும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குரலைத் தனியாகப் பதிவுசெய்திருந்தால் முதலில் அதை ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் திறக்கவும். நீங்கள் பேசாத, ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும் மூன்று வினாடியைத் தேர்ந்தெடுத்து, 'இரைச்சல் குறைப்பு' பகுதியில் அதை மாதிரியாக எடுக்கச் சொல்லுங்கள். பிறகு முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து இரைச்சலைக் குறையுங்கள். 8 முதல் 12 டெசிபல் போதும். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் ஆகிவிடும். லேசான ஃபேன் சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும். அப்புறம் ஒலியளவைச் சீராக்கும் கட்டளை ஒன்று.

ஷாட்கட் போன்ற இலவச மென்பொருளில் படத்தையும் குரலையும் அடுக்கி, இரண்டு தடத்திலும் கைதட்டல் கூர்முனையாகத் தெரியும் இடங்களை நேராக வையுங்கள். கேமராவின் சொந்த ஒலியை ஊமையாக்குங்கள். முன்னும் பின்னும் வெட்டுங்கள், வேலை முடிந்தது.

ஐம்பது நிமிடத்தை அப்படியே ஏற்றுவதா, துண்டாக்குவதா? நான் மேலே சொன்ன 2014 ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு மேல் பெரும்பாலோர் பார்ப்பதில்லை என்று கண்டது. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒரு நிரூபணத்தை எட்டுத் துண்டாக வெட்டுபவர்கள் உண்டு. தேர்வுக்குப் படிப்பவருக்கு அது தொந்தரவு. பாடம் எங்கே இயல்பாகத் திரும்புகிறதோ அங்கே வெட்டுங்கள். வரையறை ஒன்று, நிரூபணம் ஒன்று, கணக்கு ஒன்று. பன்னிரண்டு முதல் இருபது நிமிடம் வரை எதுவும் சரிதான்.

வெளியே எடுக்கும்போது இரண்டு கோப்புகள் எடுங்கள். யூடியூபுக்கு 1080பி வீடியோ. கூடவே குரல் மட்டும், மோனோ எம்பி3, 48 கேபிபிஎஸ் தரத்தில். ஐம்பது நிமிட வகுப்பு இதில் 18 எம்பிதான் வரும். டேட்டா குறைவான பிள்ளைகள் இதை வாட்ஸ்அப்பில் வாங்கி, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். வரலாறு, பொருளாதாரம், இலக்கியம் போன்ற பாடங்களுக்கு வீடியோவே தேவைப்படாது.

7. வசன வரிகள்

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகத் தன் வகுப்புகளைப் பதிவுசெய்து இலவசமாகத் தந்துவந்தது. செவித்திறன் இல்லாதவர்கள் பயன்படுத்த முடியாதபடி வசன வரிகள் சரியாக இல்லை என்று புகார் எழுந்தது, அந்நாட்டு நீதித் துறை 2016இல் அதை உறுதிசெய்தது. பல்கலைக்கழகம் வசன வரிகள் சேர்ப்பதற்குப் பதிலாக 2017 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. புகார் கொடுத்தவர்களுக்கும் பயனில்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் பயனில்லை. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு வழியில் தரப்படுபவை எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், சத்தமான விடுதி அறையில் படிப்பவருக்கும் வசன வரி தேவைதான்.

கையால் முழுக்கத் தட்டச்சு செய்வது நடக்காத காரியம். விஸ்பர் என்ற இலவச மென்பொருள் தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கி, நேரக் குறிப்போடு எஸ்ஆர்டி என்ற வசன வரிக் கோப்பாகத் தரும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் அது தடுமாறும். 'என்ட்ரோபி' என்பதை வேறு எதுவாகவோ எழுதிவைக்கும். கலைச்சொற்களை மட்டும் தேடித் திருத்துங்கள், பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். நோட்பேடில் திருத்திச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறந்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். இந்த வேலையை ஆர்வமுள்ள மாணவர் இருவருக்குக் கொடுக்கலாம், அவர்கள் பெயரை விவரணைப் பகுதியில் போட அவர்களிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

முன்பெஞ்சு மாணவர் எடுத்த பலகைப் படங்களை வரிசைப்படுத்தி ஒரு பிடிஎஃப் ஆக்குங்கள். அநேகமாக வீடியோவை விட அதுதான் அதிகம் பதிவிறக்கப்படும்.

8. பிறர் படைப்பும் உங்கள் உரிமமும்

கற்பித்தலின் போது ஆசிரியர் பிறர் படைப்பை எடுத்தாள்வதற்குக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றம் அந்த விலக்கைத் தாராளமாகவே விளக்கியது. ஆனால் அது மாணவர்களுக்கான பிரதிகளைப் பற்றிய வழக்கு. உலகமே பார்க்கும் வீடியோவுக்கும் அது பொருந்தும் என்று நம்பி இறங்க வேண்டாம். பாடப்புத்தகப் படத்தை ஸ்கேன் செய்து காட்டுவதை விட நீங்களே வரையுங்கள். தமிழிலக்கிய ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பாரதியார் தொடங்கிப் பல எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது, அவற்றிலிருந்து பக்கம் பக்கமாகப் படித்தாலும் தடையில்லை. பாடல் ஒலிக்கக் கூடாது, பத்து வினாடி திரைப்பாடலைக்கூட யூடியூபின் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும்.

உங்கள் பதிவுக்கு ஓர் உரிமம் அறிவியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் 'பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், அதே உரிமத்திலேயே பகிர வேண்டும்' என்பதை என்பிடெல் பின்பற்றுகிறது. எம்.ஐ.டி. அதோடு 'வணிக நோக்கம் கூடாது' என்பதையும் சேர்த்திருக்கிறது. டியூஷன் சென்டர்காரர் போட்டுக் காட்டிக் காசு பார்ப்பாரே என்று கவலைப்படுபவர்கள் எம்.ஐ.டி. வழியில் போகலாம். என்னைக் கேட்டால், போட்டுக் காட்டட்டும், உங்கள் பெயரோடுதானே காட்டுவார். 'மாற்றம் செய்யக் கூடாது' என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம். வேறு மொழிக்குப் பெயர்ப்பதையும் வெட்டிச் சுருக்கித் தருவதையும் அது தடுத்துவிடும். யூடியூபின் உரிமப் பெட்டியில் 'பெயர் குறிப்பிடல்' என்ற ஒரே கிரியேட்டிவ் காமன்ஸ் தேர்வுதான் உண்டு. வேறு வகை என்றால் அங்கே வழக்கமான உரிமத்தை விட்டுவிட்டு, விவரணையில் எழுத வேண்டும்.

9. ஏற்றுதல்

யூடியூப் கணக்கை ஃபோன் எண்ணால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. சொந்த மின்னஞ்சலில் சேனல் தொடங்காமல் துறைக்கென்று ஒரு கணக்கில் தொடங்கி, குறைந்தது இருவருக்கு நிர்வாக அனுமதி கொடுங்கள். முதல் சில பதிவுகளை 'பட்டியலிடப்படாதது' என்று வைத்து, சுட்டியை உங்கள் வகுப்புக்கு மட்டும் கொடுத்துக் குறை கேளுங்கள். பிறகு பொதுவில் விடலாம்.

தலைப்பில் "வகுப்பு 7" என்று போடாதீர்கள், யாரும் அப்படித் தேட மாட்டார்கள். தலைப்பை ஆங்கிலக் கலைச்சொல்லில் தொடங்கி, தமிழ்ச்சொல், பட்டப்படிப்பு, கடைசியில் 'தமிழில்' என்ற சொல் என்று அமையுங்கள். ஆங்கிலக் கலைச்சொல்லை ஆங்கில எழுத்திலேயே கொடுங்கள், தேடுபவர்கள் அப்படித்தான் தட்டுகிறார்கள். விவரணையில் 0:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று நேரக் குறிப்புகளை வரிசையாக எழுதினால் வீடியோ தானாக அத்தியாயங்களாகப் பிரியும். நிரூபணம் எந்த நிமிடத்தில் என்று தேடி இழுக்கும் வேலை பார்ப்பவருக்கு மிச்சம்.

யூடியூபை மட்டும் நம்ப வேண்டாம். ஏதோ ஒரு புகாரில் சேனல் முடங்கினால் அத்தனையும் போகும். 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் வீடியோ, எம்பி3, பிடிஎஃப் மூன்றையும் ஒரே பக்கத்தில் இலவசமாக ஏற்றலாம், பதிவிறக்கமும் எளிது. மூலக் கோப்புகள் இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கட்டும், ஒன்று கல்லூரியில், ஒன்று வீட்டில். கோப்பின் பெயரைத் தமிழில் வைக்காமல் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், பாடக் குறியீடு, தலைப்பு, வருடம் என்ற வரிசையில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிப் பலகை எழுத்தைக் கரைத்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் கரைக்காது. டெலிகிராம் குழு இதற்கு இன்னும் வசதி, 2 ஜிபி வரை போகும், பின்னால் சேர்ந்தவரும் பழையதை எடுத்துக்கொள்ளலாம்.

10. ஏற்றிய பிறகு

பார்வை எண்ணிக்கையைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். செமஸ்டர் நடுவில் நாளைக்கு நாலு பேர் பார்ப்பார்கள், தேர்வு வாரத்தில் திடீரென்று ஏறும். எண்ணிக்கையை விட உபயோகமானது, எந்த நிமிடம் வரை பார்க்கிறார்கள் என்று யூடியூப் ஸ்டூடியோ காட்டும் கோடு. கோடு செங்குத்தாக விழும் இடத்தில் நீங்கள் கதை பேசியிருப்பீர்கள். நடுவில் மேடு தெரிந்தால் அந்த இடத்தைப் பலர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்று அது தேர்வில் வருவது, இல்லையென்றால் நீங்கள் சொன்னது புரியவில்லை. அடுத்த வகுப்பில் இரண்டு மாணவரைக் கேட்டால் எது என்று தெரிந்துவிடும். புரியவில்லை என்றால் அந்தப் பகுதியை மட்டும் எட்டு நிமிடத்தில் புதிதாகப் பதிவுசெய்து, பழைய வீடியோவின் கீழ் முதல் கருத்தாகச் சுட்டியைப் பொருத்திவிடுங்கள். கணக்கில் பிழை இருந்ததாக யாராவது எழுதினாலும் இதே வழிதான். வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் பழைய சுட்டிகள் எல்லாம் செத்துவிடும்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலபஸ் மாறும், யூனிட் மூன்றில் இருந்தது யூனிட் ஐந்துக்குப் போகும். அதனால் வீடியோவுக்குள் "யூனிட் மூன்று" என்று வாயால் சொல்லாதீர்கள், தலைப்பிலும் போடாதீர்கள். யூனிட் எண்ணைப் பிளேலிஸ்ட்டின் பெயரில் மட்டும் வையுங்கள். சிலபஸ் மாறியதும் புது பிளேலிஸ்ட் ஒன்று போட்டு, பழைய வீடியோக்களைப் புது வரிசையில் இழுத்து அடுக்கினால் போதும். பழைய பிளேலிஸ்ட்டையும் எடுக்க வேண்டாம், அரியர் எழுதுபவர்கள் இன்னும் அந்தச் சிலபஸில்தான் இருப்பார்கள்.